பைத்தியம் தெளியப் பிடுங்கிய பற்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்ரென்டன் அரசு மனநல மருத்துவமனைக்கு 1907-ல் ஹென்றி காட்டன் என்ற இளம் டாக்டர் பொறுப்பேற்க வந்தார். நோயாளிகளைக் கட்டிப்போடும் வழக்கத்தை ஒழித்தார். ஜெர்மனிக்குப் போய் மனநல மருத்துவர் ஆல்ஸைமரிடம் படித்தவர், கடும் உழைப்பாளி. பல் மருத்துவனான நான் அவரைப் பற்றி எழுதக் காரணம், பிறகு அவர் செய்த காரியம். பைத்தியம் தெளிய வேண்டும் என்று நோயாளிகளின் பற்களைப் பிடுங்கத் தொடங்கினார்.

இந்த எண்ணம் அவருக்குத் திடீரென்று உதித்ததல்ல. 1910 அக்டோபரில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகிய வேரை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் தங்கக் கேப்பும் பிரிட்ஜும் போடும் அன்றைய பல் வைத்தியத்தை அவர் கடுமையாகச் சாடினார். உள்ளே தேங்கும் சீழ் உடம்பு முழுவதையும் கெடுக்கிறது என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. சீழை மூடி வைத்து மேலே கேப் போடுவதை இன்றைக்கும் நான் ஒப்பமாட்டேன். ஆனால் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. வேரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாகப் பல்லையே எடுத்துவிடு என்று புரிந்துகொண்டார்கள். சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்ற பெரிய மருத்துவர்கள் மூட்டுவலி, சிறுநீரக நோய் என்று பலவற்றுக்கும் பல்லிலும் டான்ஸிலிலும் காரணம் தேடினார்கள். எக்ஸ்ரே அப்போதுதான் பல் வைத்தியத்தில் பரவத் தொடங்கியிருந்தது. வேர் நுனியில் தெரிந்த கறுப்பு நிழலெல்லாம் குற்றவாளி ஆயிற்று.

1913-ல் இன்னொரு கண்டுபிடிப்பு. ஒருவகைப் பைத்தியத்தில் மூளை சிதைந்து இறந்த நோயாளிகளின் மூளையில் சிஃபிலிஸ் கிருமி இருப்பதை நொகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒருவகைப் பைத்தியத்துக்குக் கிருமி காரணம் என்றால், எல்லா வகைக்கும் ஏன் இருக்கக்கூடாது? காட்டன் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். பல்லைப் பிடுங்கியும் குணமாகாதவர்களுக்கு டான்ஸிலை எடுத்தார். அதற்கும் மசியாவிட்டால் பெருங்குடலை வெட்டினார். நூற்றுக்கு 85 பேர் குணமடைந்ததாக அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடின, வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை ட்ரென்டனுக்கு அழைத்து வந்தன. வேண்டாம் என்று மறுத்த நோயாளிகளையும் அவர் விடவில்லை. காசுக்காக ஊரை ஏமாற்றியவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. தன் மகன்களின் பற்களையே முன்னெச்சரிக்கையாக எடுக்கவைத்தார். தனக்கு மனம் தளர்ந்தபோது தன் பற்களையும் எடுக்கச் சொன்னார். இவ்வளவு உறுதியாக நம்பிய ஒருவர் கையில் அதிகாரமும் இருந்தது. எனக்கு அச்சம் தருவது அதுதான்.

1924-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் விசாரிக்க வந்தார். நோயாளிகளின் முகங்கள் விநோதமாக இருப்பதைப் பார்த்தார். பல்லே இல்லாத வாய்கள். பலருக்குப் பல்செட்டும் கிடையாது. குறிப்பேடுகளை எடுத்து ஒவ்வொருவராகத் தொடர்ந்து போனபோது உண்மை தலைகீழாக வந்தது. தேறியவர்கள் பெரும்பாலும் குறைவான சிகிச்சை பெற்றவர்கள். அதிகம் வெட்டப்பட்டவர்களோ தேறாதவர்கள் அல்லது இறந்துபோனவர்கள். அவரை அனுப்பிய பேராசிரியர் அடால்ஃப் மேயர் அந்த அறிக்கையை வெளியிடவே இல்லை. 1933-ல் காட்டன் இறக்கும்வரை அவர் பெயர் பெரிதாகக் கெடவில்லை.

இத்தனைக்கும் விடை தெரிந்துகொள்ளும் வழி அன்றே இருந்தது. நியூயார்க்கில் கோபெலாஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1920-களின் தொடக்கத்தில் அதைச் செய்துகாட்டினார்கள். நோயாளிகளில் ஒரு பாதிக்கு மட்டும் பல்லும் டான்ஸிலும் எடுத்தார்கள். மறு பாதியைத் தொடவில்லை. இரு பக்கமும் தேறியவர்கள் ஏறத்தாழ ஒரே அளவுதான். மூட்டுவலிக்கும் இதே கதை. பல்லைப் பிடுங்குவதை ஆதரித்துவந்த ரஸல் செஸில் என்ற மருத்துவரே 1938-ல் ஆஞ்செவைன் என்பவருடன் சேர்ந்து 200 முடக்குவாத நோயாளிகளை ஆராய்ந்துவிட்டு, பலன் இல்லை என்று எழுதினார். முடக்குவாதம் தானாகவே ஏறும், இறங்கும். இறங்கும் மாதத்தில் பல்லைப் பிடுங்கியிருந்தால் பெருமை பல் டாக்டருக்குப் போய்விடும்.

வேர் சிகிச்சை செய்த பல்லை முயலின் தோலுக்கடியில் பதித்துச் சோதித்த கிளீவ்லாண்டின் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ், அத்தகைய பல் உடம்பைக் கெடுக்கும் என்று 1923-ல் எழுதிய நூல்களும் மெல்ல மறக்கப்பட்டன. 1990-களில் ஜார்ஜ் மைனிக் என்ற பல் மருத்துவர் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார். 2018-ல் அதே வாதத்தோடு ஒரு படமே வந்தது. முழு உடல் நலம் என்ற பெயரில் இன்று நம் ஊர்க் கைப்பேசிகளில் உலவும் பேச்சுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் நான் பார்த்த ஓர் ஆசிரியை முழங்கால் வலி தீர வேண்டும் என்று, முன்பு வேர் சிகிச்சை செய்த கடவாய்ப் பற்களைப் பிடுங்கச் சொல்லி வந்தார். பற்களில் வலியில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. மறுத்தேன். வேறு ஓர் இடத்தில் பிடுங்கிக்கொண்டார். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சாதத்தைக் குழைய வடித்துச் சாப்பிடுகிறார். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல் எடுக்கும்போது கிருமி ரத்தத்தில் கலக்கிறது என்பதை 1935-லேயே ஒகெல், எலியட் என்ற ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். இதய வால்வில் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்தாகலாம். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது; சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு வாய் நலம் மோசமாக இருப்பதை ஃபின்லாந்து மருத்துவர்கள் 1989-ல் காட்டினார்கள். ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்பைத் தருகிறது என்று சொல்லச் சான்று போதவில்லை என அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் தெளிவாக அறிவித்தது.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் ஈறில் ரத்தம் கசிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். செயற்கை வால்வு வைத்தவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வேறெங்கோ உள்ள நோய்க்காக வலிக்காத பல்லைப் பிடுங்கச் சொல்கிறவரிடம், பிடுங்காதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.