கம்பிக் கற்றையும் ஜோடிக் கணக்கும்

ஓரியன்டல் டெலிபோன் கம்பெனி 1882 ஜனவரி 28 அன்று ஜார்ஜ் டவுனின் எர்ரபாலு செட்டித் தெருவில் சென்னையின் முதல் தொலைபேசி நிலையத்தைத் திறந்தபோது, அதன் கம்பிகள் துறைமுகத்தை ஒட்டிய வணிக வீதிகளைச் சுற்றியே நின்றன. 1920களில் உருவான தியாகராய நகரும் விடுதலையை ஒட்டி எழுந்த அடையாறு காந்தி நகரும் குடியிருப்புகளாகவே வகுக்கப்பட்டவை. பின்னாளில் அங்கும் மயிலாப்பூரிலும் கூடமும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் தணிக்கையாளர், வழக்குரைஞர், பதிப்பாளர், படக் கம்பெனி அலுவலகங்களாக மாறியதே இந்தப் பகுதிகளின் கம்பிச் சிக்கலுக்கு முதற்காரணம் எனலாம்.

தொலைபேசிச் சேவை 1943இல் அரசுடைமையான பிறகு நெடுங்காலம் கருவியும் கம்பியும் அரசின் தொலைபேசித் துறைக்கே சொந்தமாக இருந்தன. ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் அதை விட்டுக்கொடுக்க மனம் வராதவராகவே இருந்தார். சந்தாதாரர் தம் வளாகத்தில் வைக்கும் கருவிகளைத் தனியார் தயாரிக்க 1984இல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தின் வடிவமைப்பை உரிமம் பெற்ற பல தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ள, சில வெளி இணைப்புகளைப் பல மேசைகளுக்குப் பங்கிடும் இபிஏபிஎக்ஸ் என்னும் உள்நிலையம் சிறு அலுவலகங்களுக்கும் எட்டியது. மேசைக்கு ஒரு ஜோடிக் கம்பி என்று இழுக்கப்பட்டவை, குடியிருந்தவர் காலி செய்துபோன பின்னும் சுவரிலேயே தங்கின. புதிதாக வந்தவர் பழையதை நம்பாமல் அதன் மேலேயே புதியதை ஓட்டினார். துறையின் லைன்மேன் டிபி எனப்படும் பங்கீட்டுப் பெட்டிவரை கணக்கு வைத்திருந்தார். அதற்கு உள்ளே இருந்ததற்குப் பெரும்பாலும் கணக்கே இல்லை.

ஆகவே இந்தக் கம்பிகளின் சீரமைப்பு என்பது, வெட்டுவதற்கு முன் எது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதாகும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்னும் ஐந்து முதன்மை நிறங்களோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்னும் ஐந்தும் மாறி மாறிச் சேர்ந்து 25 ஜோடிகளாவதால், முறையாகப் போட்ட கேபிளில் வெள்ளை-நீலம் முதல் ஜோடி, சிவப்பு-நீலம் ஆறாவது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இடையில் யாரோ கைக்கு வந்த கம்பியை முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. அப்போது ஒருவர் மேசையோரத்தில் ஜோடியின்மீது ஒலியைச் செலுத்த, மற்றவர் பெட்டியருகே அதே ஒலி எந்தத் திருகில் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கடற்கரையை அடுத்த மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உப்புக்காற்று பட்ட செப்புமுனை பச்சைக் களிம்பேறி, பேச்சின் நடுவே கரகரப்பைக் கிளப்பும். அந்த முனையை நறுக்கிப் புதிதாகச் சீவாமல் எந்த ஒழுங்கும் நிலைப்பதில்லை.

திருகுகளின் இடத்தில், மேலுறையைச் சீவாமலே கம்பியை இரு தகடுகளுக்கிடையே அழுத்திப் பொருத்தும் க்ரோன் பட்டைகள் வந்தது வேலையை எளிதாக்கியது. ஆயினும் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளே மெய்யான சீரமைப்பு: ஜோடி எண், மேசை, உள் எண் என்று மூன்று பத்திகள். கைதேர்ந்த தொழிலாளி எந்த மேசைக்கும் போகாத நல்ல ஜோடியைப் பிடுங்கி எறிவதில்லை. இரு முனைகளையும் சுருட்டிக் கட்டி, தாளில் ‘காலி’ என்று எழுதி, அடுத்து வரும் மேசைக்காக விட்டுவைக்கிறார்.