வீடு விற்பனைக்கு: கொழும்புத் தமிழரின் எழுதப்படாத வரலாறு

தேர்தல்களையும் கலவரங்களையும் பற்றி எழுதிய அளவுக்கு நாம் வீடு விற்ற கதையை எழுதவில்லை. பத்திரிகைப் பணியில் நெடுங்காலம் கழித்த எனக்கு, முதற்பக்கத் தலைப்புகள் சொல்லாமல் விட்ட பலவற்றை உட்பக்கச் சிறு விளம்பரங்கள் சொல்லியிருப்பதாகவே தோன்றுகிறது. தம் வீட்டைப் பற்றி ஒருவர் எழுதும் நான்கு வரிகளில், அவர் எதைப் பெருமையாகக் கருதினார் என்பதோடு, வாங்க வருபவர் எதற்கு அஞ்சினார் என்பதும் பதிவாகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் காணி விற்பனை அறிவித்தல் பத்திரிகைக்கும் முந்தியது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையின்படி, காணி விற்க எண்ணியவர் அதனைத் தாம் சார்ந்த தேவாலயத்தில் தொடர்ச்சியாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவிக்க வேண்டும். புதியவரைக் கவர்வது அதன் நோக்கமன்று. உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதல் வாய்ப்பளிப்பதே நோக்கம். அந்த முன்னுரிமையை 1947ஆம் ஆண்டின் சட்டமும் பேணியது.

கொழும்பில் நிலைமை வேறு. அங்குள்ள காணிக்குத் தேசவழமையின் முன்னுரிமை இல்லை. வாங்குபவரும் பெரும்பாலும் முன்பின் அறியாதவர். ஆகவே வீடே தன்னைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றியபின், அப்பேச்சுக்குத் தமிழ் நாளேடுகளில் இடம் கிடைத்தது.

1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு வலிய பாதுகாப்பை அளித்தது. அடுத்த ஆண்டே வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை வகுத்தது. வாடகைக்காரர் இல்லாத வீடு என்பதே அக்காலத்தில் முதற்சிறப்பு. விசாலமான விறாந்தையும் நன்னீர்க் கிணறும் அதற்குப் பின்னர்தான்.

பின்பு 1983 வந்தது. ஜூலை 24ஆம் திகதி இரவு பொறளையில் மூண்ட வன்செயல் வெள்ளவத்தை வரை பரவி, தமிழர் வீடுகளை எரித்தது. சேதமடைந்த ஆதனங்கள் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் அரசின் பொறுப்புக்குச் சென்றன. தப்பிய வீடுகளுக்கும் உரிய விலை எளிதில் கிட்டவில்லை. புறப்படும் நாள் குறிக்கப்பட்டவர் பேரம் பேச முடியாது. வாங்குபவர் அதனை அறிந்துவிட்டால், வெள்ளையடித்த சுவரும் தேய்த்துத் துலக்கிய தரையும் விலையை உயர்த்துவதில்லை. எந்த விளம்பரத்திலும் எழுதப்படாத காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

விந்தை யாதெனில், அதே வெள்ளவத்தை பின்னர் தமிழர் வாங்கக் காத்திருக்கும் இடமாயிற்று. 1995இன் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னரும் வடக்கிலிருந்து பலர் வந்தனர். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணமும் வந்தது. தனிவீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன. விளம்பரத்தின் மொழியும் மாறியது. காலி வீதிக்கு எந்தப் பக்கம், கோயிலுக்கும் பாடசாலைக்கும் எவ்வளவு தூரம், மின்தூக்கி உண்டா என்பனவே முன்னுக்கு வந்தன. பத்துப் பேர்ச் நிலத்தில் (ஒரு பேர்ச் 272¼ சதுர அடி) ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் பல குடும்பங்கள் அடுக்காக அமர்ந்தன. வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்த 2014ஆம் ஆண்டின் சட்டம், 4ஆம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு நிபந்தனையுடன் விலக்களித்தது. குடியுரிமை மாறிய நம்மவருக்கு மாடி எண்ணும் ஒரு விற்பனைச் சொல்லாயிற்று.

களனி ஆற்றுக்கு அப்பாலுள்ள பேலியகொடையின் கதை வேறு. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்தபின், விமான நிலையத்துக்கான விரைவு அங்குள்ள வீடுகளின் பெருமையாயிற்று. ஆயினும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது, "வெள்ளம் ஏறுமா?" என்பதையே. களனிப் பள்ளத்தாக்கை 2016இல் மூழ்கடித்த வெள்ளத்தை எவரும் மறக்கவில்லை. சுவரில் நீர் நின்ற அடையாளத்தைப் பூச்சால் மறைப்பவரிலும், அதனைக் காட்டி விலை சொல்பவரே நம்பப்படுகிறார் என்பது என் கணிப்பு. குறையற்ற உறுதிப் பத்திரமும் மறைக்காத சொல்லும் எக்காலத்துக்கும் பொருந்தும் விளம்பரம்.

2005 முதல் நூலகம் நிறுவனம் எம்மவரின் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேமித்து வருகிறது. பழைய நாளேடுகளை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: கட்டுரைகளை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு விளம்பரப் பக்கங்களை எறிந்துவிடாதீர்கள். நாம் எப்போது வேரூன்ற எண்ணினோம், எப்போது வேரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம் என்பதை நாளை ஆராய்பவருக்கு அவையும் சான்றாகும்.