கண்டிக் குளக்கட்டுத் தெரு

கண்டிக் குளத்தை எங்கட பிள்ளைகள் இயற்கையாக அமைந்தது என்றுதான் நினைக்கிறார்கள். இராஜதானிக் காலத்தில் அது வயல்வெளி. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் குறுக்கே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினான். அணைக்கு மேல் போட்ட பாதைதான், தலதா மாளிகைப் பக்கமிருந்து மல்வத்தை விகாரைக்கு அரசன் போய்வந்த தெரு. 1810 தொடக்கம் 1812 வரை வேலை நடந்ததாக ஜோன் டொய்லியை வைத்துச் சொல்கிறார்கள்.

வடிவமைத்த தேவேந்திர மூலாச்சாரியின் பெயர் நிலைத்துவிட்டது. மண் சுமந்தவன் பெயர்? நிலத்துக்குப் பகரமாக இராஜகாரியம் செய்யக் கடமைப்பட்ட குடியானவர்கள் அவர்கள். மறுத்தவர்களைக் குளத்துப் படுகையிலேயே கழுவேற்றினான் என்று ஒரு கதை உண்டு. அரசனின் பகைவர்கள் ஊதிப் பெருப்பித்ததாகவும் இருக்கலாம். ஊழியம் மட்டும் கதையல்ல. எங்கட முன்னோரும் அதற்குப் புறம்பில்லை. ‘மடிகே பத்த’ என்ற போக்குவரத்துப் பிரிவில் பொதிமாடு ஓட்டியவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

கரையோரத்து மேகச் சுவரை, சிங்களத்தில் ‘வலாகுளு பம்ம’, பார்த்திருப்பீர்கள். குளத்தைப் பாதிதான் சுற்றுகிறது. மீதியைக் கட்ட அரசனுக்குக் காலம் கிடைக்கவில்லை. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி, ஹுன்னஸ்கிரியவுக்குப் பக்கத்திலுள்ள மெதமஹநுவரப் பகுதியில், போமுரையில் பிடிபட்டான். மார்ச் 2இல் ஒப்பந்தம். இராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

வேலூரில் சிறையிருந்து 1832 ஜனவரி 30இல் இறந்தான். இராஜகாரியத்தை ஒழிக்கும் ஆணையும் அதே ஆண்டில்தான் வந்தது. அரசனைக் கொடுங்கோலன் என்று எழுதிவைத்த ஆங்கிலேயர், அதுவரைக்கும் கொழும்பு–கண்டித் தெருவுக்கு மலை வெட்டியதும் அதே ஊழியத்தை வைத்துத்தான்.