பங்களா ஓட்டலான தடம்

வேல்ஸ் நாட்டு மலைகளில் பழைய சீமான்களின் மாளிகைகள் பல இன்று ஓட்டல்கள். முதல் உலகப் போருக்குப் பின் வாரிசு வரி ஏறியதும், கட்டிக் காக்க முடியாமல் கைமாறிய வீடுகள் அவற்றில் நிறைய. நீலகிரியில் கதை தலைகீழாகத் தொடங்கியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டிப் பத்தாண்டு ஆவதற்குள், 1831-32இல் சர் வில்லியம் ரம்போல்டு வெள்ளைத் தூண்களோடு ஒரு பெரிய கட்டடம் எழுப்பினார். நோக்கம் ஓட்டல் நடத்துவதுதான். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் 1834இல் அதை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். அவரைப் பார்க்க மெக்காலே சென்னையிலிருந்து பல்லக்கில் வந்து சேர்ந்தார். 1841இல் ஊட்டி கிளப் தொடங்கியது. கட்டடம் அதன் கைக்குப் போனது. ஸ்னூக்கர் விதிகள் 1882இல் எழுதப்பட்டதும் அங்கேதான். ஓட்டல் என்ற எண்ணம் மட்டும் பத்தாண்டுகூடத் தாங்கவில்லை.

குளிருக்குக் குறைவில்லை, குறை வழியில்தான் இருந்தது என்பது என் வாதம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ரயில் ஓடியது. ஆவடி, வேப்பம்பட்டு, திருவள்ளூர் என்று இன்று மின்சார ரயில் நின்று நின்று போகும் அதே தடம். 1862க்குள் அது மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டது. 1873இல் கிளைப்பாதை மேட்டுப்பாளையத்துக்கு வந்தது. மலை ரயில் குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் ஏறியது. ரயிலுக்கு முன்பே ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறிவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பல்லக்கில் வாரக்கணக்கில் பயணம் செய்து வருபவர் மாதக்கணக்கில் தங்குவார். அவருக்கு வேண்டியது வாடகை வீடு. ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் வந்துகொண்டே இருந்தால்தான் ஓட்டல் பிழைக்கும். 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் மலைக்கு மாறியது, அறைகளை நிரப்பியது அதுதான் என்பது இன்னொரு மறுப்பு. அதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் கவர்னர் மட்டுமா போனார்? கோப்புகளும் குமாஸ்தாக்களும் கூடவே போக வேண்டுமே! கோயம்புத்தூர்ப் பக்கம் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த ஏற்பாடு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமானது.

வேல்ஸ் வழியில் ஓட்டலானதும் இங்கே ஒன்று உண்டு. 1844இல் கட்டிய ஃபெர்ன்ஹில் பங்களாவை மைசூர் அரச குடும்பம் 1873இல் வாங்கியது. அங்கே வாரிசு வரி செய்த வேலையை இங்கே 1971இல் மன்னர் மானிய ஒழிப்பு செய்தது. அரண்மனை பிற்பாடு வாடகைக்கு அறை கொடுத்தது.