நெற்றியின் உப்பு

முத்தமிடுகையில் நெற்றி உப்புக்கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. அக்குழந்தையைச் சூனியம் பற்றியிருக்கிறது என்றே ஊரார் எண்ணினர். நாம் எளிதில் நகைத்து ஒதுக்கிவிடக்கூடிய இக்கூற்றில் சூனியம்தான் பொய், உப்பு மெய்.

1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர், கணையத்தையும் நுரையீரலையும் சிதைக்கும் 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' நோயைத் தனியே இனங்கண்டு விவரித்தார். 1948-இல் அந்நகரைக் கடும் வெப்பம் வாட்டியபோது, வெயில் தாளாமல் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுள் இந்நோயாளிகள் இருந்ததைப் பால் டி சான்டக்னீஸ் கவனித்தார். அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுந்திருந்தது என்பது 1953-இல் வெளியாயிற்று. 1959-இல் கிப்சனும் குக்கும், மெல்லிய மின்னோட்டத்தால் மருந்தைத் தோலுள் செலுத்தி வியர்வையை வரவழைக்கும் சோதனையை வகுத்தனர். இன்றும் நோயை உறுதிசெய்வது அதுவே.

ஆயினும் கருவி ஆய்வகத்திலேயே இருந்தது. உடல் மென்மையானது, வளைவது, சிலிக்கானோ நொறுங்குவது. அதனை மிக மெல்லிய இழையாக்கி, இழுத்துப் பிடித்த ரப்பரில் ஒட்டிப் பின் தளர்த்தினால் அலையலையாய் மடிந்து நீளக்கூடியதாகும் என்று ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2006-இல் காட்டினர். 2011-இல் அவர்களது மின்சுற்று, சிறுவர் ஒட்டிக்கொள்ளும் பச்சைப்படம்போல் தோலோடு படிந்தது. 2016-இல் அவர்கள் செய்த மென்பட்டை, நுண்ணிய கால்வாய்களில் வியர்வையை ஏந்தி, குளோரைடின் அளவை நிறமாற்றத்தால் உணர்த்தியது. அதே ஆண்டு பெர்க்லியில் வெய் காவ், அலி ஜாவே குழுவினர் சோடியம், பொட்டாசியம், லாக்டேட், குளூக்கோஸ் ஆகியவற்றை ஒருங்கே அளக்கும் பட்டையை உருவாக்கினர்.

இதனால் எல்லாம் கைகூடிவிட்டது என்று நாம் கொள்ளலாகாது. வியர்வையின் சர்க்கரை இரத்தத்தில் உள்ளதன் நூற்றில் ஒரு பங்களவே. அதைக் கொண்டு இன்சுலின் அளவை முடிவுசெய்வது ஆபத்து. 2001-இல் அமெரிக்க அனுமதி பெற்ற 'குளூக்கோவாட்ச்' தோல் வழியே சர்க்கரையை அளந்தது, தோலை எரிச்சலூட்டியது, சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தது.

உப்பின் கதை வேறு. அங்கே அடையாளம் தெளிவானது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மூன்று மருந்துகளின் கூட்டு, நோயாளிகளுள் மிகப் பலருக்கு நீண்ட வாழ்வைச் சாத்தியமாக்கியிருக்கிறது. ஆனால் அப்போது அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல்.

அன்று தாயின் உதடு அறிந்தது. அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இன்று பட்டை அறிகிறது, செய்யக்கூடியதும் இருக்கிறது. அது எந்தத் தாய்க்கு எட்டும் என்பதை மட்டும் எந்தப் பட்டையும் நமக்குச் சொல்வதில்லை.