வாடைக்கும் கச்சானுக்கும் நடுவே ரோசா

திருகோணமலைக்கு ரோசா பிந்தி வந்த செடி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகத்தில் கோயிலைச் சூழ்ந்த சோலையின் புன்னை, வேங்கை, செண்பகம், குருந்து, முல்லை எல்லாம் இடம்பெறுகின்றன, ரோசா இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஒரு காட்டு ரோசா இனம் தானாகவே வளர்கிறது. இலங்கையின் மலைகளில் அப்படி ஒன்று கிடையாது. இந்தத் தீவின் ரோசாக்கள் அனைத்தும் யாரோ கொண்டுவந்து நட்ட செடிகளின் வழியில் வந்தவை.

செடிக்கு முன்பே அதன் மணம் இந்துமாக்கடலில் பயணம் செய்தது. பாரசீகத்தின் பார்ஸ் பகுதியில் வடித்த பன்னீர், பத்தாம் நூற்றாண்டளவிலேயே இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறியது. அபிடேகத்துக்கும் கல்யாண வீட்டு வரவேற்புக்கும் பன்னீர் வேண்டும் என்ற வழக்கம் செடியை நம்பியிருக்கவில்லை. போத்தலில் வந்த நீரே போதுமாயிருந்தது. கோயில் நந்தவனங்களில் நந்தியாவட்டை, அலரி, செவ்வரத்தை, மல்லிகை ஆகியவை நிலைத்ததற்கும் காரணம் உண்டு. கடற்கரை மணலும் உப்புக்காற்றும் அவற்றுக்கு ஒத்துப்போயின.

ரோசாவைத் தோட்டச்செடியாகக் கொண்டாடியவர்கள் ஐரோப்பியர். போர்த்துக்கேயர் 1624இல் திருகோணமலையின் சுவாமிமலையில் கோட்டை எழுப்பினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795இல் பிரித்தானியர் கைப்பற்றினர். அவர்களுடைய கடற்படை 1957 வரை இங்கே தங்கியிருந்தது. அந்நாட்களில் சோழமண்டலக் கரையில் பாதுகாப்பான துறை இருக்கவில்லை. ஒக்டோபரில் வாடை தொடங்கினால் சென்னைக்கு எதிரே நங்கூரமிட்ட போர்க்கப்பல்கள் அங்கே நிற்க முடியாமற்போகும். மலைகள் காவலிருக்கும் திருகோணமலை உட்துறைமுகம் அந்தப் பருவத்தில் புகலிடமானது. கப்பல்களை இங்கே ஒதுங்கவைத்த வாடை மழைதான் இந்தக் கரையின் தோட்டக்காரருக்கும் ஆண்டின் கணக்கை வகுத்துத் தருகிறது.

ஐரோப்பாவின் பழைய ரோசாக்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, கோடையின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பூப்பவை. அந்த உறக்கம் கிடைக்காத வெப்பக் கரையில் அவை தழைத்தாலும் பூப்பது அரிது. வெப்பநாட்டுத் தோட்டங்களுக்கு வழி திறந்தது சீனம். ஆண்டு முழுவதும் தளிர்த்துப் பூக்கும் சீன ரோசாக்களும், தேயிலை மணம் கொண்டவை எனப்பட்ட வகைகளும் 1790களிலிருந்து 1824 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஐரோப்பாவை அடைந்தன. 1787இல் நிறுவப்பட்ட கல்கத்தாத் தாவரவியற் பூங்கா இந்தப் பயணத்தின் முக்கியமான தங்குமிடம். கடல்வழியில் நடந்த இன்னொரு கலப்பும் உண்டு. ரியூனியன் தீவின் வேலிகளில் சீன ரோசாவும் டமாஸ்கஸ் ரோசாவும் அடுத்தடுத்து நின்றதால் உண்டான கலப்பினத்தை, 1817அளவில் அங்கிருந்த தாவரவியலாளர் நிக்கொலா பிரெயோன் கண்டெடுத்தார். தீவின் பழைய பெயரால் இவ்வினம் பூர்பொன் ரோசா எனப்பட்டது. தமிழ்நாட்டின் பூமாலைக் கடைகளில் இன்றும் உதிரிப்பூவாக விற்கும் எட்வர்ட் ரோசா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் நிலத்து ரோசா வரலாற்றில் இந்த எளிய இளஞ்சிவப்புப் பூவுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. வெயிலைத் தாங்கி, மணத்தையும் விடாமல் வைத்திருந்த பூ அது.

இலங்கையில் ரோசாவின் புகழ் மலைநாட்டில்தான் வளர்ந்தது. பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. அதன் கிளையாக 1861இல் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்க அமைக்கப்பட்ட ஹக்கல தோட்டம், பின்னர் அழகுத் தோட்டமாக மாறி ரோசாவுக்குப் பெயர் பெற்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. அந்தக் குளிரில் மொட்டு மெல்ல விரிவதால் இதழ் கூடும், நிறம் ஆழமாகும், பூ பல நாள் நிற்கும். திருகோணமலையின் சராசரியோ 28 பாகைக்கு அண்மையில். ஒரே செடியின் மொட்டு இங்கே விரைவாக விரிந்து, சிறுத்து, வெளிறிப்போகும். மலைநாட்டிலிருந்து கன்று வாங்கி வருபவர்கள் ஏமாறுவது இதனால்தான். பழுது பெரும்பாலும் அவர்கள் பராமரிப்பில் இல்லை.

மலைக்கும் கரைக்கும் நோய்களும் வேறு. நுவரெலியாவின் தொல்லை கரும்புள்ளி நோய். அந்தப் பூஞ்சணம் முளைக்க இலை ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். மிதமான குளிரும் மூடுபனியும் அதற்கு வாய்ப்பானவை. திருகோணமலையில் அது தலைதூக்குவது மழை மாதங்களில். மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இலையை உலர்த்திவிடும். அப்போது இலையின் அடிப்புறத்தில் சிவப்புச் சிற்றுண்ணி பெருகும். காலையில் இலையடியில் நீரைப் பீச்சிக் கழுவுவது அதற்கு எளிய மருந்து. மாலையில் இலையை நனைத்து இரவுக்கு விடுவது பூஞ்சணத்துக்கு இடம் கொடுப்பதாகும்.

இங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் ஒக்டோபர், நவெம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கொட்டிவிடும். தமிழ்நாட்டு நூல்கள் பலவும் ஒக்டோபரில் கத்தரிக்கச் சொல்கின்றன. இந்தக் கரையில் அடைமழைக்கு முன் வெட்டிய கிளை, காயத்தில் நீர் ஏறி நுனியிலிருந்து கருகத் தொடங்கும். மழை தணியும் சனவரியில் கத்தரிப்பதே பொருத்தம். வெட்டியதிலிருந்து ஆறேழு வாரத்தில் பூ வரும் என்பதால், மாசி பங்குனியின் இதமான நாட்கள் பூக்காலமாகும். கச்சான் காலத்தில் செடியை வெட்டாமல் விட வேண்டும். கிடுகு நிழலும், வேரின் மேல் வைக்கோல் அல்லது சருகு மூடுபடையும் அப்போது செடியைக் காக்கும். அந்த மாதங்களில் பெரிய பூவை எதிர்பார்ப்பது செடியை வதைப்பதற்குச் சமம்.

மண்ணே இங்கே பெரிய சிக்கல். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மணலில் நீரும் உரமும் தங்குவதில்லை. வேர்முடிச்சு நூற்புழுவும் அதிகம். நிலத்தில் நடுபவர்கள் ஆழமாகத் தோண்டி, உள்நாட்டுச் செம்மண்ணும் வயற்காட்டு மாட்டெருவும் கலந்து குழியை நிரப்ப வேண்டியிருக்கும். பூச்சாடியில் வளர்த்தால் அடியில் தேங்காய்ப் பொச்சை இடுவது ஈரத்தைப் பிடித்துவைக்கும். அரும்பொட்டுக் கன்றென்றால், ஒட்டுக்கட்டை எது என்று கேட்பது பூவின் நிறத்தைக் கேட்பதைவிட முக்கியம். மணலுக்கும் நூற்புழுவுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய போர்ச்சூனியானா என்ற ஒட்டுக்கட்டையை அமெரிக்காவின் புளோரிடா மணலில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

உப்பை ரோசா தாங்காது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளில் கடல்நீரை நிரப்பியது; பல கிணறுகள் தெளிய நீண்ட காலம் பிடித்தது. உவர்நீர் ஊற்றினால் முதலில் இலை ஓரம் கருகும், பிறகு தளிர் நின்றுவிடும். நல்ல நீரை மிகையாக ஊற்றி உப்பை வேருக்குக் கீழே இறக்குவதே தீர்வு. வாடை மழை அதைச் செலவின்றிச் செய்கிறது. புயலுக்கும் இந்தக் கரை புதிதல்ல. 1964 டிசெம்பரிலும் 2000 டிசெம்பரிலும் திருகோணமலைப் பக்கமாகவே சூறாவளிகள் கரையேறின. கார்த்திகை, மார்கழியில் தூக்கி உள்ளே வைக்கக்கூடிய சாடி இங்கே வசதியான ஏற்பாடு.

வெப்பநாட்டுக்கென்றே ரோசாவை உருவாக்கும் முயற்சி கொடைக்கானலில் நடந்திருக்கிறது. அங்கு வாழ்ந்து உழைத்த எம். எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும், மணிப்பூர், பர்மா மலைகளின் ரோசா ஜைகாந்தியாவையும் வங்காள ஆற்றோரங்களின் ரோசா கிளினோபில்லாவையும் தோட்ட வகைகளோடு கலந்து புதிய வகைகளை வெளியிட்டார்கள். கிளினோபில்லா வெள்ளத்தில் நின்றும் வெயிலில் காய்ந்தும் பிழைக்கும் செடி. மூன்று மாத அடைமழையும் நான்கு மாதக் கச்சானும் மாறிமாறி வரும் திருகோணமலைக்கு வேண்டிய இயல்பு அதில் இருக்கிறது.