உடல் முழுக்கக் கருப்பு, தலை மட்டும் சிவப்பு: நீங்கள் பார்த்த அந்தப் பறவை எது?

ஊருக்குப் போகும் வழியில், பைபாஸ் ஓரத்து வயலில் ஒரு பறவை நிற்கிறது. உடல் முழுக்கக் கருப்பு, தலையில் மட்டும் சிவப்பு. பஸ் ஜன்னல் வழியாக அவசரமாக ஒரு போட்டோ எடுத்து, 'கருப்புப் பறவை, சிவப்புத் தலை' என்று போனில் தேடுகிறீர்கள். அமெரிக்கக் கழுகு ஒன்றும் சிலி நாட்டு மரங்கொத்தி ஒன்றும் திரையில் வந்து நிற்கின்றன. இரண்டுமே உங்க ஊர் வயலுக்கு வர வாய்ப்பில்லை.

தப்பு உங்களுடையது இல்லை. கருப்பு உடல், சிவப்புத் தலை என்ற இந்தச் சேர்க்கை, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லாத பல பறவைக் குடும்பங்களில் இருக்கிறது. கழுகு, அரிவாள் மூக்கன், மரங்கொத்தி, நீர்க்கோழி, இருவாச்சி என்று பட்டியல் நீளும்.

எது எங்கே இருக்கிறது, தலை ஏன் சிவப்பு என்பதை இங்கே பார்ப்போம். இதில் இரண்டு பறவைகளைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று, செய்யும் வேலையும் ஒன்று. ஆனால் ஒன்று அமெரிக்கக் கண்டங்கள் முழுக்க நலமாக இருக்கிறது. இன்னொன்று இந்தியாவில் 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிட்டது.

இந்தியாவில் என்றால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று

தாழைக்கோழி: ஏரி, குளம், ஆகாயத்தாமரை மண்டிய குட்டை என எங்கேயும் இருக்கும். கோழிக்குஞ்சு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே நீந்தும். முழுத் தலையும் சிவப்பு இல்லை. நெற்றியில் ஒரு சிவப்புக் கவசம், மஞ்சள் நுனி கொண்ட சிவப்பு அலகு. நெற்றி வெள்ளையாக இருந்தால் அது நாமக்கோழி. பெயரிலேயே அடையாளம் இருக்கு. சென்னைவாசிகள் பள்ளிக்கரணையிலேயே இரண்டையும் பார்க்கலாம்.

கருப்பு அரிவாள் மூக்கன்: வயலில் நின்றது பெரும்பாலும் இதுதான். அரிவாள் போல வளைந்த நீண்ட அலகு, தோளில் ஒரு வெள்ளைத் திட்டு, உச்சந்தலையிலும் பிடரியிலும் பருப்பருவான சிவப்புத் தோல். மற்ற அரிவாள் மூக்கன்களைப் போல இதற்குத் தண்ணீர் கட்டாயமில்லை. காய்ந்த நிலத்திலும் மேயும். உயர் மின்கோபுரங்களில்கூட கூடு கட்டும். இதற்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை.

கருப்பு மரங்கொத்தி: மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பெரிய மரங்கொத்தி. வயிறு வெள்ளை. ஆணுக்குச் சிவப்புக் கொண்டை நெற்றியிலிருந்தே தொடங்கும். பெண்ணுக்குப் பின்தலையில் மட்டும்.

செந்தலைப் பாறு: செந்தலைப் பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்வார்கள். 'பாறு' சங்க இலக்கியத்திலேயே இருக்கும் பெயர். சிறகு விரித்தால் 2 மீட்டருக்கு மேல். தலை, கழுத்து எல்லாம் இறகில்லாத சிவப்புத் தோல். ஆணின் கண் வெளிர் நிறம், பெண்ணின் கண் அடர் நிறம். ஆங்கிலத்தில் இதற்குப் 'பாண்டிச்சேரிக் கழுகு' என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. ஆனால் இன்று தமிழ்நாட்டில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

தலை ஏன் சிவப்பு?

இதில் இரண்டு வகை உண்டு. சில பறவைகளுக்கு இறகு சிவப்பு. சிலவற்றுக்கு இறகே இல்லை, தோல் சிவப்பு.

இறகுச் சிவப்பு பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்து வருகிறது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டு வகை நிறமிகளைப் பறவைகளால் தாமாக உருவாக்க முடியாது. பழம், பூச்சி வழியாக உள்ளே போகும் மஞ்சள் நிறமியைப் பல பறவைகள் உடலுக்குள் சிவப்பாக மாற்றிக்கொள்கின்றன. இந்த மாற்றத்துக்குக் காரணமான சி.ஒய்.பி.2ஜே19 என்ற மரபணுவை 2016இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அடையாளம் காட்டின. உடலின் கருப்பு வேறு கதை. அது மெலனின், நம் தலைமுடிக்கு இருப்பதுபோலப் பறவை தானே தயாரித்துக்கொள்வது.

தோல் சிவப்பில் பெரிய பங்கு ரத்தத்துக்கு. மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள்தான் அந்த நிறத்தைக் காட்டுகின்றன.

சரி, கழுகுக்கு ஏன் மொட்டைத் தலை? செத்த விலங்குக்குள் தலையை விட்டுச் சாப்பிடும்போது இறகு இருந்தால் ரத்தமும் அழுக்கும் ஒட்டும் என்பது பழைய விளக்கம். 2008இல் பாறுக் கழுகுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இன்னொரு காரணத்தையும் காட்டியது: உடல் சூட்டைச் சமாளிப்பது. வெயிலில் கழுத்தை நீட்டி வெற்றுத் தோலை வெளியே காட்டும். குளிரில் கழுத்தை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும்.

இறகு சிவந்தவை: ஐரோப்பாவிலிருந்து சிலி வரை

'கருப்பு மரங்கொத்தி' என்றே பெயர் கொண்ட ஐரோப்பிய மரங்கொத்தி, ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பரவியிருக்கிறது. முழுக் கருப்பு. ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு, பெண்ணுக்குப் பின்தலையில் ஒரு பொட்டு மட்டும். சிலி, அர்ஜென்டினாவின் தென்கோடிக் காடுகளில் இருக்கும் மெகல்லன் மரங்கொத்தியில் ஆணின் தலை முழுவதும் ரத்தச் சிவப்பு. பெண்ணின் தலை கருப்பு, அலகின் அடியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

மெக்சிகோவிலிருந்து ஈக்வடார் வரை உள்ள மழைக்காடுகளில் செந்தொப்பி மனாகின் என்ற குட்டிப் பறவை இருக்கிறது. ஆண் கருப்பு, தலை பளிச் சிவப்பு, தொடை மஞ்சள். பெண்ணைக் கவர மரக்கிளையில் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே போகும். வீடியோ பார்த்தால் மைக்கேல் ஜாக்சனின் 'மூன்வாக்' ஞாபகம் வராமல் இருக்காது. பெண் வெறும் இலைப் பச்சை.

ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு என்பது இந்த வகையில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். இங்கே சிவப்பு பெரும்பாலும் இணையைத் தேடும் விளம்பரம், அல்லது ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம்.

தோல் சிவந்தவை: காணாமல் போய்த் திரும்பிய ஒன்று

வட மொட்டை அரிவாள் மூக்கன் ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் சர்வ சாதாரணம். சுவிஸ் அறிஞர் கான்ராட் கெஸ்னர் 1555இல் இதை விவரித்து எழுதினார். பிறகு வேட்டையில் மத்திய ஐரோப்பாவிலிருந்தே அழிந்தது. துருக்கியின் பிரெசிக் நகரில் இருந்த பெரிய கூட்டம், 1950களில் அடித்த பூச்சிமருந்தால் நொறுங்கியது. காட்டில் நிலைத்து நின்ற பெரிய கூட்டம் மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் மட்டும்தான்.

இப்போது ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் மனிதர்கள் வளர்க்கும் குஞ்சுகளுக்கு வலசைப் பாதையைக் கற்றுக்கொடுக்க, வளர்த்தவர்களே சின்ன விமானத்தில் முன்னால் பறக்கிறார்கள். முதலில் இத்தாலியின் டஸ்கனிக்குக் கூட்டிப்போனார்கள். இலையுதிர்காலம் சூடாகிப் பறவைகள் தாமதமாகக் கிளம்பியதால், ஆல்ப்ஸைத் தாண்ட முடியாமல் போனது. அதனால் 2023இல் பாதையை மாற்றி, சுமார் 2,300 கி.மீ. தள்ளியிருக்கும் தெற்கு ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்றார்கள். 2018இல் இந்தப் பறவையின் நிலை 'மிக அருகிய' என்பதிலிருந்து ஒரு படி மேலே வந்தது.

ஆப்பிரிக்காவின் தென் தரை இருவாச்சிக்கு நிலைமை இறுக்கம். கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை வாழும் இந்தப் பெரிய கருப்புப் பறவைக்கு முகமும் தொண்டையும் சிவப்புத் தோல். ஒரு கூட்டம் சராசரியாக 9 ஆண்டுகளுக்கு ஒரு குஞ்சைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் பறவையில் ஒன்றிரண்டு செத்தாலே பெரிய இழப்பு.

ஒரே வேலை, இரண்டு விதி

இப்போது உங்கள் போன் முதலில் காட்டிய அந்த அமெரிக்கக் கழுகுக்கு வருவோம். வான்கோழிபோல் சிவந்த மொட்டைத் தலை இருப்பதால் அதற்கு வான்கோழிக் கழுகு என்று பெயர். தெற்குக் கனடாவிலிருந்து தென் அமெரிக்காவின் கடைசி முனை வரை இருக்கிறது. மோப்பத்தில் கெட்டிக்காரப் பறவை. எரிவாயுக் குழாயில் கசிவு இருக்கும் இடத்தில் இவை வட்டமிடுவதை ஊழியர்கள் கவனித்ததுண்டு. காரணம், வாயுவில் கலக்கும் மெர்காப்டன் வேதிப்பொருள் அழுகும் சடலத்திலிருந்தும் வரும்.

செந்தலைப் பாறும் கருப்பு, சிவந்த மொட்டைத் தலை, செத்ததைத் தின்னும். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பம். வேலை ஒன்று என்பதால் தோற்றமும் ஒன்றுபோல ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். உடலுக்குள் நடக்கும் வேதியியல் வேறு. அந்த வித்தியாசம்தான் உயிரா சாவா என்று தீர்மானித்தது.

1990களில் இந்தியாவில் மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி பரவலாகப் போடப்பட்டது. ஊசி போட்ட மாடு சில நாட்களில் செத்தால், மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. இதை 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு உறுதிசெய்தது. மாட்டுச் சடலங்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவு வரும் என்று கணக்கிட்டார்கள்.

அதிகம் அடிபட்டது வெண்முதுகுப் பாறு. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போனது. செந்தலைப் பாறின் சரிவு கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. முன்பு பெரிய கூட்டமாக வரும் மற்ற பாறுகள் மாட்டுச் சடலத்தை ஆக்கிரமித்துக்கொள்ளும். ஜோடியாக வரும் செந்தலைக்கு அதிகம் கிடைக்காது. அந்தக் கூட்டங்கள் அழிந்த பிறகு செந்தலைக்கு விருந்து கிடைத்தது, கூடவே விஷமும் கிடைத்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். 2007இல் இது 'மிக அருகிய' பறவைகள் பட்டியலில் சேர்ந்தது.

வான்கோழிக் கழுகு? 2008இல் வெளியான ஓர் ஆய்வில் அதற்கும் டைக்ளோஃபெனாக் கொடுத்துப் பார்த்தார்கள். வெண்முதுகுப் பாறைக் கொல்லும் அளவைவிட 100 மடங்குக்கு மேல் கொடுத்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கழுகு போனால் நமக்கென்ன?

இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் இருக்கிறது. பொருளாதார நிபுணர்கள் ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, முன்பு கழுகுகள் அதிகம் வாழத் தகுந்த மாவட்டங்களையும் மற்ற மாவட்டங்களையும் ஒப்பிட்டது. கழுகுகள் அழிந்த பிறகு முதல் வகை மாவட்டங்களில் மனிதர்களின் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் கூடியது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்களின் மதிப்பீடு.

கழுகு எப்படி மனிதனைக் காப்பாற்றும்? ஒரு கூட்டம் ஒரு மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். அது இல்லையென்றால் சடலம் அழுகும், தண்ணீரில் கலக்கும், தெருநாய்கள் பெருகும், வெறிநாய்க்கடி கூடும். சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர் திடீரென்று வேலையை விட்ட மாதிரி.

இப்போது என்ன நிலை?

- 2006: கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை.
- 2015: மனிதர்களுக்கான பெரிய பாட்டில்கள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், ஊசி மருந்துக் குப்பியின் அளவு 3 மி.லி.யாகக் குறைப்பு.
- 2023: கால்நடைகளுக்கு அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் தடை. மாட்டின் உடலுக்குள் போனதும் அசிக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்காக மாறிவிடும்.
- 2024 இறுதி: கால்நடைகளுக்கு நிமெசுலைட் தடை.

2023 டிசம்பர் இறுதியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 320 பாறுகள் பதிவாகின. அதில் செந்தலைப் பாறு 50. மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து, ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய எண்ணிக்கை.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊரில் வீட்டில் மாடு இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது ஒன்று சொல்லுங்கள்: மாட்டுக்கு வலி ஊசி போடணும்னா 'மெலாக்சிகம்' போடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்க. கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து உறுதியான மருந்து அது. மெடிக்கலில் சொந்தமாக மருந்து வாங்கிப் போட வேண்டாம்.

அப்புறம் அந்த போட்டோ. அலகு வளைந்திருக்கிறதா, தோளில் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கருப்பு அரிவாள் மூக்கன். இடமும் தேதியும் சேர்த்து 'இ-பேர்ட்' செயலியில் ஏற்றிவிடுங்கள். இந்தியப் பறவைகளில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று கணிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவது உங்களைப் போன்றவர்கள் ஏற்றும் பதிவுகளைத்தான்.